நீமச்சிலிருந்து பஸ்தர் வரை: மத்திய ரிசர்வ் போலீஸ் படை நடந்து வந்த பாதை

தேர்தல் அறிவிப்பு வந்த சில நாட்களில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒரு சி.ஆர்.பி.எஃப். கம்பெனி வந்து இறங்கும். கடைவீதியில் கொடி அணிவகுப்பு நடக்கும். வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் நிற்பார்கள். இயந்திரங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இங்கிருந்து எந்தக் காட்டுக்கு அல்லது எந்தப் பனிமலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்தவர்கள் நம்மில் குறைவு.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர், 240க்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் என இன்று நாட்டின் மிகப் பெரிய மத்திய ஆயுதக் காவல் படையாக சி.ஆர்.பி.எஃப். என்னும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை வளர்ந்திருக்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு என்னென்ன சோதனைகள் வந்தன என்பதைத் தெரிந்துகொள்ள, இந்தப் படை எங்கெல்லாம் அனுப்பப்பட்டது என்று பார்த்தாலே போதும். சமஸ்தானக் கிளர்ச்சி, எல்லைப் பூசல், பிரிவினை, மதக் கலவரம், பயங்கரவாதம், மாவோயிஸ்ட் ஆயுதப் போர் என ஒவ்வொன்றும் இந்தப் படையின் உடலில் தழும்பாகவோ அதன் அமைப்பில் புதிய பிரிவாகவோ பதிந்திருக்கிறது. இப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடும் விழாவுக்கான மலரில் அந்தப் பாதையைத் திரும்பிப் பார்ப்பது நம் கடமை.

சமஸ்தானங்களுக்காகப் பிறந்த படை

1939 ஜூலை 27. அன்றைய குவாலியர் சமஸ்தானப் பகுதியில் இருந்த நீமச் என்ற கன்டோன்மென்ட் ஊரில், ‘கிரௌன் ரெப்ரசென்டேட்டிவ்ஸ் போலீஸ்’ என்ற பெயரில் இப்படை தொடங்கப்பட்டது. சுதேச சமஸ்தானங்களில் மக்கள் கிளர்ச்சி வலுத்துவந்த காலம் அது. 1936இல் நிறைவேறிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் சென்னைத் தீர்மானத்தையும் அதையொட்டி எழுந்த போராட்டங்களையும் படையின் அதிகாரபூர்வ வரலாறே தன் பிறப்புக்குக் காரணமாகச் சொல்கிறது. மன்னர்களின் சிம்மாசனத்தைத் தாங்கிப் பிடிக்க ஆங்கில அரசு உண்டாக்கிய படை இது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு இந்தப் படையை என்ன செய்வது என்ற கேள்விக்கு சர்தார் வல்லபாய் படேல் கண்ட விடை தொலைநோக்குடையது. அவர் அதைக் கலைக்கவில்லை, குடியரசின் படையாக மாற்றினார். ஜூனாகத்தையும் கத்தியவார்ப் பகுதிச் சமஸ்தானங்களையும் ஒன்றியத்தோடு இணைக்கும் பணியில் அதே படை துணை நின்றது. 1949 டிசம்பர் 28 அன்று நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ‘மத்திய ரிசர்வ் போலீஸ் படை’ என்ற பெயர் வந்தது. 1950 மார்ச் 19 அன்று நீமச்சில் படேல் அதற்குக் கொடி வழங்கினார். சேவையும் விசுவாசமும் என்பது படையின் குறிக்கோள். அந்த விசுவாசம் மகுடத்திடமிருந்து அரசியலமைப்புச் சட்டத்துக்கு மாறியதுதான் இப்படையின் வரலாற்றில் முதல் பெரிய திருப்பம். பின்னால் வந்த ஒவ்வொரு சோதனையிலும் படை எப்படி நடந்துகொண்டது என்பதை இந்த அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டும்.

பனியிலும் உப்பு நிலத்திலும்

அன்று நாட்டுக்குத் தனியான எல்லைக் காவல் படை கிடையாது. எல்லையிலும் இந்தப் போலீஸ்காரர்களே நின்றார்கள். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், முதல் நாள் ரோந்து சென்று திரும்பாதவர்களைத் தேடிப் போன குழுவின் மீது சீனப் படையினர் சுட்டதில் பத்து காவலர்கள் இறந்தார்கள். உடல்கள் நவம்பரில்தான் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. நாடெங்கும் எல்லாக் காவல் துறைகளும் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று கடைப்பிடிக்கும் காவலர் வீரவணக்க நாள் அந்தப் பத்துப் பேரின் நினைவில் பிறந்தது.

1965 ஏப்ரல் 9 அன்று குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் உள்ள சர்தார் போஸ்ட்டில் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு சிறு பிரிவு, பாகிஸ்தான் ராணுவத்தின் ஒரு பிரிகேடை எதிர்த்து நின்றது. கையில் இருந்தவை போலீஸ்காரனின் ஆயுதங்கள். எதிரில் வந்தது பயிற்சி பெற்ற ராணுவம். எதிரிகளில் 34 பேர் கொல்லப்பட்டதாகவும் நால்வர் உயிரோடு பிடிபட்டதாகவும் படை ஆவணங்கள் சொல்கின்றன. ஏப்ரல் 9 இன்றும் படையின் வீர தினம். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. எல்லைப் பொறுப்பு கைமாற, சி.ஆர்.பி.எஃப். உள்நாட்டுப் பணியில் கவனத்தைத் திருப்பியது.

யார் கேட்டு அனுப்பினார்கள்?

உள்நாடு என்றதும் ஒரு சிக்கல் எழுந்தது. அரசியலமைப்பின்படி பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 1968 செப்டம்பரில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது கேரளத்துக்கு இப்படை அனுப்பப்பட்டபோது, முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அரசு அதைக் கடுமையாக எதிர்த்தது. மாநிலம் கேட்காமல் மத்தியப் படை வரலாமா என்ற கேள்வி நாடு முழுவதும் பேசப்பட்டது. 1976இல் 42ஆவது திருத்தம், குடிமை அதிகாரத்துக்கு உதவியாக மத்திய ஆயுதப் படையை எந்த மாநிலத்திலும் நிறுத்தும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியலில் 2அ என்ற பதிவாகச் சேர்த்தது. சட்டக் கேள்விக்கு அதில் விடை கிடைத்தது. நடைமுறையில், உள்ளூர்க் காவல் நிலையத்தின் ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் மத்தியக் கம்பெனி கண் கட்டி விட்டதுபோலத்தான் நிற்கும். ஊர் தெரியாது, மொழி தெரியாது, யார் எந்தத் தெரு என்று தெரியாது. இந்த உண்மையைப் பிற்காலத்தில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி பெரும் விலைக்குப் புரியவைத்தது.

எண்பதுகளில் பஞ்சாபும் திரிபுராவும் மணிப்பூரும் படையை இழுத்துக்கொண்டன. இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்கும் சில கம்பெனிகள் போய்வந்தன. 1986இல் முழுக்கப் பெண்களைக் கொண்ட 88ஆவது மகளிர் பட்டாலியன் உருவானது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் பணிக்காக லைபீரியா சென்ற மகளிர் காவல் பிரிவு இந்தப் படையிலிருந்தே போனது. பெண்களை மட்டுமே கொண்ட ஐ.நா. காவல் பிரிவு உலகில் அதுவே முதல்.

கலவரத்துக்கு ஒரு தனிப் படை

மதக் கலவரம் என்பது தனி வகை நெருப்பு. உள்ளூர்க் காவலர் மீது ஒரு தரப்புக்கு நம்பிக்கை போய்விட்டால், அவர் நிற்பதே கலவரத்தை வளர்க்கும். இதை உணர்ந்து 1992 அக்டோபர் 7 அன்று பத்து பட்டாலியன்களோடு அதிவிரைவுப் படை தொடங்கப்பட்டது. நீல நிறச் சீருடையால் மக்கள் அதைத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். கண்ணீர்ப் புகை, தடி, கேடயம் என்று உயிர்ச்சேதம் குறைவான முறைகளில் அதற்குப் பயிற்சி. அது தொடங்கி இரண்டே மாதத்தில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்தப் படையின் தேவையை நாடு அந்தக் குளிர்காலத்தில் கண்ணெதிரே கண்டது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 1998 பிப்ரவரி 14 அன்று வந்தது. கோவையில் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தனர், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தொழில் நகரம் பல நாட்கள் ஊமையாகக் கிடந்தது. அதிவிரைவுப் படையின் 105ஆவது பட்டாலியன் இன்று கோவையில் முகாம் கொண்டிருப்பதை அந்த நகரத்தார் எல்லோரும் அறிவார்கள். கோவையிலுள்ள மத்தியப் பயிற்சிக் கல்லூரியும் ஆவடி குழு மையமும் இப்படையை நம் மண்ணோடு பிணைத்திருக்கும் மற்ற இரு முடிச்சுகள். கன்னியாகுமரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன பிள்ளைகளுக்கு ‘ஜி.சி. ஆவடி’ என்பது தாய்வீடு மாதிரி.

நாடாளுமன்ற வாசலில்

கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட அமைச்சர்கள் குழு 2001இல் அளித்த அறிக்கை, உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் கிளர்ச்சி எதிர்ப்புக்கும் முதன்மைப் படையாக சி.ஆர்.பி.எஃப்.ஐ வைக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே டெல்லியின் நடுவில் அதற்கொரு சோதனை வந்தது.

டிசம்பர் 13 முற்பகல். உள்துறை அமைச்சக ஒட்டியுடன் ஒரு வெள்ளை அம்பாசிடர் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது. வாயில் ஒன்றில் காவலில் நின்றவர் 88ஆவது மகளிர் பட்டாலியனின் கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி. கையில் வாக்கி டாக்கி மட்டும்தான், துப்பாக்கி இல்லை. காரிலிருந்து இறங்கியவர்களின் நடமாட்டத்தைக் கண்டதும் ஓடி ஒளிய அவருக்கு நேரம் இருந்தது. அவர் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் சக காவலர்கள் விழித்துக்கொண்டார்கள், அவர் குண்டுகளுக்கு இரையானார். ஐந்து பயங்கரவாதிகளும் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கால் வைக்காமலே சுட்டு வீழ்த்தப்பட்டனர். கமலேஷ் குமாரிக்கு அமைதிக்காலத்தின் மிக உயர்ந்த வீர விருதான அசோக சக்கரம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2005 ஜூலை 5 அன்று அயோத்தி வளாகத்தைத் தாக்க வந்த ஐவரும் இதேபோல் காவலில் இருந்தவர்களால் தடுக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பஸ்தர்: பெரும் விலை, பெரும் பாடம்

1967இல் வங்கத்தின் நக்சல்பாரியில் தொடங்கிய ஆயுத இயக்கம் பல துண்டுகளாக உடைந்து, 2004 செப்டம்பரில் மக்கள் யுத்தக் குழுவும் இந்திய மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையமும் (எம்.சி.சி.ஐ.) இணைந்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்) ஆனது. 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் இதை நாடு சந்தித்தவற்றிலேயே மிகப் பெரிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சவால் என்று மதிப்பிட்டார். கனிமம் நிறைந்த காடு, நிலவுரிமைப் பட்டா இல்லாத பழங்குடி, பள்ளியும் மருத்துவமனையும் எட்டாத கிராமம், லஞ்சம் கேட்கும் கீழ்நிலை அதிகாரி. இயக்கம் வேரூன்றிய மண் இது.

2008 முதல் காட்டுப் போர்முறைக்கென்றே கோப்ரா பட்டாலியன்கள் பத்து உருவாக்கப்பட்டன. ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் தேர்தல் பணியிலிருந்தும் கலவரப் பணியிலிருந்தும் நேராகக் காட்டுக்கு வந்தவை. 2010 ஏப்ரல் 6 அன்று பஸ்தரில், அன்றைய தந்தேவாடா மாவட்டத்தின் தாட்மேட்லா காட்டில், பல நாள் ரோந்து முடித்துக் களைத்துத் திரும்பிக்கொண்டிருந்த 62ஆவது பட்டாலியன் குழுவை மாவோயிஸ்டுகள் சுற்றி வளைத்தார்கள். 76 பேர் இறந்தார்கள். அவர்களில் 75 பேர் சி.ஆர்.பி.எஃப்., ஒருவர் மாநிலக் காவலர். ஒரே நாளில் இப்படை இவ்வளவு பேரை இழந்தது கிடையாது.

அந்த ஆண்டு அக்டோபரில் படையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றவர் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி கே. விஜயகுமார். வீரப்பனைத் தேடிய சிறப்பு அதிரடிப்படையின் தலைவராக 2004இல் அந்த நீண்ட வேட்டையை முடித்தவர். காட்டை அறிந்தவன் துணையில்லாமல் காட்டில் ஒன்றும் நடக்காது என்பது சத்தியமங்கலம் நம் காவல் துறைக்குக் கற்றுக்கொடுத்த பாடம். ஆந்திரம் 1989இலேயே கிரேஹவுண்ட்ஸ் படையை அமைத்து அதே முடிவுக்கு வந்திருந்தது.

பஸ்தரில் ஒரு ஜவானின் சாதாரண நாள் எப்படி இருக்கும்? ஆர்.ஓ.பி. டூட்டி என்பார்கள். வண்டிகள் போகும் முன் சாலையைச் சோதித்துத் திறந்துவிடும் வேலை. விடியுமுன் கிளம்ப வேண்டும். தார்ச்சாலையில் நடக்கக் கூடாது, இரு பக்கமும் புதருக்குள் நடக்க வேண்டும். முன்னால் ஒருவர் மெட்டல் டிடெக்டரைத் தரையில் தடவியபடி போவார், பக்கத்தில் மோப்ப நாய். நிறம் மாறிய ஒரு பிடி மண், புதிதாகக் கொட்டிய ஜல்லி, புல்லுக்குள் ஓடும் மெல்லிய ஒயர், ஒவ்வொரு சிறு பாலத்தின் அடிவயிறு என எல்லாவற்றையும் கண் தேட வேண்டும். சாலை போடும்போதே புதைத்து வைத்துப் பல மாதம் கழித்து வெடிக்க வைப்பதும் உண்டு. உலோகம் மிகக் குறைந்த கண்ணிகள் கருவிக்கும் தப்பிவிடும். சாலை திறந்த பிறகு, கடைசி வண்டி திரும்பும் வரை மே மாத வெயிலில் அங்கேயே நிற்க வேண்டும். மறுநாள் அதே சாலை, அதே வேலை. நேற்று பாதுகாப்பாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணிய நாளில் உயிர் போகும். இந்தப் பொறுமைக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் அதன்மீதுதான் பள்ளிக்கூட வேனும் ரேஷன் லாரியும் ஆம்புலன்ஸும் ஓடுகின்றன.

படையின் கையில் கறை படிந்த இரவும் உண்டு. 2012 ஜூன் 28 இரவு பீஜாப்பூர் மாவட்டம் சர்கேகுடாவில் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 17 கிராமத்தார் இறந்தனர். அவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று நீதிபதி வி.கே. அகர்வால் விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொன்னது. அது 2019இல் வெளியானது. தாட்மேட்லாவில் விழுந்த ஜவானுக்காக அழும் மனம் சர்கேகுடாவுக்காகவும் அழ வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இரவு, நூறு ஆர்.ஓ.பி. காலைகளில் சேர்த்த நம்பிக்கையைக் கரைத்துவிடும்.

நிலைமை மாறியதற்குக் காரணம் துப்பாக்கியின் எண்ணிக்கை மட்டுமன்று. சாலை, செல்போன் கோபுரம், பலப்படுத்தப்பட்ட காவல் நிலையம், வங்கிக் கிளை, ஏகலவ்யா உறைவிடப் பள்ளி என்று அரசின் கை காட்டுக்குள் நீண்டது. 2015இல் இவற்றைச் சேர்த்து ஒரு தேசியக் கொள்கையும் செயல்திட்டமும் வகுக்கப்பட்டன. எல்லாவற்றிலும் முக்கியமானது, படை அந்த மண்ணின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. பஸ்தர் பகுதிப் பழங்குடி இளைஞர்களைக் கொண்ட 241ஆவது ‘பஸ்தரியா’ பட்டாலியன் 2018 மே மாதம் பயிற்சி முடித்து அணிவகுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோண்டியும் ஹல்பியும் பேசும் ஜவான் ஒரு குடிசை வாசலில் நின்று தண்ணீர் கேட்கும்போது, நாற்பது ஆண்டு அச்சம் கொஞ்சம் விலகுகிறது.

பலன் கணக்கில் தெரிகிறது. உள்துறை அமைச்சகத்தின் பட்டியலில் 126 ஆக இருந்த பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் 2018இல் 90 ஆகவும், 2021இல் 70 ஆகவும், 2024இல் 38 ஆகவும் குறைந்தன. 2010இல் பொதுமக்களும் பாதுகாப்புப் படையினருமாக 1,005 பேர் இறந்தார்கள், 2024இல் அந்த எண்ணிக்கை 150. 2025 மே 21 அன்று மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் நம்பாலா கேசவ ராவ் சத்தீஸ்கரில் மாநிலக் காவல் படையோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டார். ஆயுதம் ஓய்ந்த காட்டில் வன உரிமைப் பட்டாவும் ஆசிரியரும் மருத்துவரும் போய்ச் சேராவிட்டால், இத்தனை உயிரும் வாங்கிக்கொடுத்த அவகாசம் வீணாகிவிடும்.

காஷ்மீரின் நெடுஞ்சாலை

காஷ்மீரில் இப்படையின் வேலை இன்னும் கடினம். 2010 கோடையில் தெருப் போராட்டங்களில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2016இல் பெல்லட் துப்பாக்கியால் இளைஞர்கள் பலர் கண்ணிழந்தனர். கல்லெறிபவனுக்குத் தோட்டா விடையாகாது என்பதைப் படை தன் வேதனையிலும் காஷ்மீரிகளின் வேதனையிலும் உணர்ந்தது. 2017இல் ‘மதத்கார்’ என்ற பெயரில் 14411 என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. மருத்துவ அவசரமோ வழியில் சிக்கிய பயணமோ, யார் அழைத்தாலும் உதவி வரும் என்ற ஏற்பாடு அது.

2019 பிப்ரவரி 14 அன்று ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், 78 வாகனங்களில் 2,500க்கும் மேற்பட்டோர் சென்ற தொடரணியின் பேருந்தின் மீது வெடிமருந்து நிரப்பிய வாகனம் மோதியது. லேத்போராவில் 40 பேர் இறந்தனர். தூத்துக்குடி மாவட்டத்துக்கும் அரியலூர் மாவட்டத்துக்கும் ஒவ்வொரு பெட்டி வந்து இறங்கியது. ஒரு வாரத்தில், அந்தத் தடத்தில் எல்லா நிலை வீரர்களும் விமானத்தில் பயணம் செய்ய அரசு அனுமதித்தது. அந்த அனுமதி முன்பே கிடைத்திருக்கலாமே என்ற ஏக்கம் அந்தக் குடும்பங்களுக்கு இருந்தால், அதைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

நாடு பட்ட கடன்

இதுவரை 2,200க்கும் மேற்பட்டோர் இந்தச் சீருடையில் உயிர் கொடுத்திருக்கிறார்கள். கடனைத் தீர்க்க அவர்களுடைய படத்துக்கு மாலை போட்டால் மட்டும் போதாது. எந்த மாநிலத்தில் எது நடந்தாலும் முதலில் இழுக்கப்படும் கம்பெனிக்கு ஓய்வும் பயிற்சியும் குறைகின்றன. ஆண்டுக்கு நூறு நாள் குடும்பத்தோடு என்ற இலக்கை அரசே அறிவித்தது. அது இன்னும் எல்லோருக்கும் எட்டவில்லை. 2019 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் மத்திய ஆயுதப் படைகளில் நூறுக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2004க்குப் பின் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்காக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இவை சலுகை கேட்கும் குரல்கள் அல்ல. களைத்த மனமும் கடனில் மூழ்கிய வீடும் உள்ள ஒருவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, கல்லெறியும் கூட்டத்தின் முன் பொறுமையாக நில் என்று சொல்வது நியாயமில்லை.

ராணுவத்துக்கு எல்லைக்கு அப்பால் எதிரி இருக்கிறான். சி.ஆர்.பி.எஃப். ஜவானுக்கு எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டுக் குடிமக்கள். அவர்களில் ஆயுதம் எடுத்தவனும் நாளை சரணடைந்து அதே கிராமத்தில் வாழ வேண்டியவன். சட்டத்துக்குள் நின்று, உள்ளூர் மக்களை அறிந்து, அடக்கத்தோடு ஆயுதம் தாங்கிய இடங்களிலெல்லாம் இப்படை வென்றிருக்கிறது. அதிலிருந்து வழுவிய இடங்களில் நாடும் சேர்ந்து தோற்றது. நீமச்சில் படேல் கொடுத்த கொடி குடியரசின் கொடி. அதைத் தாங்கும் ஜவானுக்கு நிம்மதியான விடுமுறை, தேவையான பயிற்சி, நேர்மையான கட்டளை, முதுமைக்கு உறுதியான ஓய்வூதியம் ஆகிய நான்கையும் கேட்டு நாடாளுமன்றம் வரை குரல் கொடுக்க வேண்டியது அவர்கள் காவலில் வாக்களித்த நாம் ஒவ்வொருவரும்தான்.